கடைக்காரர்களை மின்சேமிப்புத் திட்டத்தில் சேர்ப்பது எப்படி? கொழும்பு வியாபாரிகளும் மின்துறையில் இருப்பவர்களும் சொல்லுங்கள்

மீற்றர்வாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மின்விநியோகத் துறையில், வணிக வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது என் சொந்தக் கருத்து மட்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு சிறிய முன்னோடித் திட்டம் பற்றிப் பேச்சு நடக்கிறது. நடுத்தரக் கடைகள், உணவகங்கள், சிறு அலுவலகங்களுக்குப் போய் மின்பாவனையைப் பார்த்து, எந்த லைட்டை மாற்றலாம், எந்த ஏ.சி.யைக் கழற்றலாம் என்று சொல்வது, செலவில் ஒரு பங்கைத் திட்டமே தாங்குவது, மிச்சத்தைத் தவணையில் எடுப்பது. தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு முன் இப்படி எதையாவது அறிவித்தபோதெல்லாம் பில்லோடு கடிதம் அனுப்பினோம், குறுஞ்செய்தி அனுப்பினோம், மண்டபம் எடுத்துக் கூட்டம் வைத்தோம். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு நல்ல விஷயம் என்று சொல்லிப் போனார்கள். விண்ணப்பம் வரவில்லை.

2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அப்போது கவுண்டருக்கு வந்த ஒவ்வொரு முதலாளியும் 'இதை எப்படிக் குறைப்பது' என்று கேட்டார். எங்களிடம் அப்போது கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்ததும் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஜூனில் 15 வீதம் கூடியபோதும் பழைய பதற்றம் திரும்பவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரு கடை முதலாளி 'ஓம், செய்வோம்' என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் உத்தியோகத்தர் அவரிடம் எப்படிப் போக வேண்டும்?

கெய்சர்வீதிக்கடை எழுதியது:

தம்பி, புறக்கோட்டையில் புடவைக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மின்சாரத்துறை ஆள் கடைக்குள் வந்தால் முதலில் எங்கள் மனதில் வருவது 'வயரை வெட்ட வந்திருக்கிறாரா, மீற்றரில் ஏதாவது பிழை கண்டுபிடித்துவிட்டாரா' என்பதுதான். இத்தனை வருடமும் அந்த இரண்டுக்கும்தான் ஆள் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் வந்து 'உங்கள் பில்லைக் குறைத்துத் தருகிறேன்' என்றால் யார் நம்புவார்? 'மாடியில் எத்தனை ஏ.சி. இருக்கிறது' என்று கேட்டால் நாங்கள் குறைத்துத்தான் சொல்வோம். இணைப்பின் வகையை மாற்றி அதிகக் கட்டணம் போட்டுவிடுவார்களோ, வரிக்காரருக்குத் தகவல் போய்விடுமோ என்ற பயம் உண்டு. உங்கள் ஆள் வாயைத் திறந்தவுடன் சொல்ல வேண்டியது அதைத்தான்: எடுக்கிற கணக்கு எங்கே போகும், எங்கே போகாது. அதை எழுத்திலும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பணம். எங்கள் வியாபாரம் ஓடுவது பின்திகதியிட்ட காசோலையில். இன்றைக்கு எடுக்கிற சரக்குக்கு 60 நாள், 90 நாள் கழித்துத்தான் காசு போகும். கையில் இரண்டு லட்சம் மிஞ்சினால் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் சரக்கு எடுப்பேன், அது மூன்று மாதத்தில் திரும்பி வரும். 'லைட்டில் போடுங்கள், ஒன்றரை வருடத்தில் திரும்பும்' என்கிறார் உங்கள் ஆள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், எனக்கு அது நட்டம்தான். அதனால் முற்பணம் என்ற பேச்சே இருக்கக் கூடாது. தவணை மாதத்துக்கு எவ்வளவோ, அதைவிட பில் குறைவது கொஞ்சமாவது அதிகமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் பேசுங்கள், கேட்கிறேன்.

வலுக்கணக்கு எழுதியது:

கெய்சர்வீதி அண்ணா சொன்னதை எல்லா எஞ்சினியரும் படிக்க வேண்டும். நான் எனர்ஜி ஓடிட், அதாவது ஒரு இடத்தின் மின்பாவனையை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும் வேலை செய்கிறவன். எங்கள் அறிக்கை நாற்பது பக்கம் வரும், அதில் முதலாளிக்குத் தேவையானது நாலு வரி.

நான் இப்போது கடைக்குள் நின்றபடியே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பழைய 36 வாட் ரியூப் லைட், சோக்கையும் சேர்த்தால் ஏறக்குறைய 45 வாட் இழுக்கும். அதன் இடத்தில் 20 வாட் எல்.ஈ.டி. ரியூப். ஒன்றுக்கு 25 வாட் மிச்சம். கடையில் 20 இருந்தால் 500 வாட். நாளுக்கு 11 மணித்தியாலம், மாதத்தில் 26 நாள் என்றால் 143 யூனிற். பிறகு அவருடைய பில்லையே எடுத்து, கடைசி யூனிற்றுக்கு அவர் என்ன விலை கொடுக்கிறாரோ அதால் அவரையே பெருக்கச் சொல்வேன். போனை எடுத்து அவரே பெருக்கினால் அந்தத் தொகை அவர் கண்டுபிடித்தது ஆகிவிடும். நான் ரூபாயில் சொல்லிவிட்டு வந்து, அடுத்த மாதம் கட்டணம் மாறினால், பொய் சொன்னவன் நான்தான். 2022க்குப் பிறகு விலை எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். யூனிற் மாறாது.

கொட்டாஞ்சேனை_கணக்கு எழுதியது:

நான் கொட்டாஞ்சேனை, ஆமர் வீதிப் பக்கம் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவள். எல்லோரும் முதலாளியின் மனதைப் பற்றிப் பேசுகிறீர்கள். முதலாளி சம்மதித்த பிறகும் ஏன் விண்ணப்பம் வராது என்று நான் சொல்கிறேன்.

பில் யாருடைய பெயரில் வருகிறது என்று பாருங்கள். பாதி இடத்தில் கடை நடத்துகிறவரின் பெயரில் இல்லை. கட்டட உரிமையாளர் பெயரில், அல்லது பல வருடங்களுக்கு முன் காலமான தாத்தா பெயரில். ஒரு கட்டடத்தில் ஒரு பிரதான மீற்றர், மேலே மூன்று வாடகைக்காரர், அவரவருக்கு உள்மீற்றர். உங்கள் படிவத்தில் 'கணக்கு உரிமையாளர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டிலேயே எல்லாம் நின்றுவிடும். உரிமையாளருக்கு ஆர்வம் இல்லை, ஏனென்றால் பில் கட்டுவது அவரல்ல. வாடகைக்காரர் செலவழிக்கத் தயங்குவார், ஏனென்றால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்று தெரியாது. பொருத்திய லைட்டைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று அவர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

நல்ல உத்தியோகத்தர் என்றால் இதில்தான் தெரிய வேண்டும். பெயர்மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முதலில் அதை முடித்துக் கொடுப்பவர். உரிமையாளரும் வாடகைக்காரரும் கையெழுத்திட ஒரு பக்கத்தில் ஒரு சம்மதக் கடிதத்தைத் தயாராக வைத்திருப்பவர். கணக்கிலக்கம், முகவரி, இணைப்பு வகை எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கிறதே, அதை ஏன் நாங்கள் மறுபடி நிரப்ப வேண்டும்? நிரப்பிய படிவத்தைக் கொண்டு வாருங்கள், நாங்கள் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கிறோம்.

படிவம் தமிழிலும் இருக்க வேண்டும். 1987இல் 13ஆம் திருத்தம் வந்த நாளிலிருந்து தமிழும் ஆட்சிமொழி. ஆனாலும் தவணை ஒப்பந்தம் மாதிரியான முக்கியமான தாள் கைக்கு வரும்போது மற்ற இரண்டு மொழியில்தான் வருகிறது. என் முதலாளிமார் சிங்களம் நன்றாகக் கதைப்பார்கள், வாசிக்க மாட்டார்கள். வாசிக்க முடியாத தாளில் கடன் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்வது என் கடமை. அப்படியே சொல்லியும் வருகிறேன்.

மீற்றர்வாசல் எழுதியது:

அக்கா, பெயர்மாற்றம் இப்படித் தடையாகும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் கூட்டங்களில் எல்லோரும் மானியம் எத்தனை வீதம் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

செட்டியார்தெரு எழுதியது:

நகைக்கடைக்காரன் ஒருவனின் வார்த்தையையும் கேளுங்கள்.

தங்கத்துக்கு வெளிச்சம்தான் எல்லாம். எங்களிடம் 50 வாட் ஹலோஜன் லைட் வரிசையாக இருந்தது. ஒருமுறை ஒரு விற்பனையாளர் வந்து, தான் மின்சாரத்துறை அங்கீகாரம் பெற்றவர் என்று சொல்லி எல்.ஈ.டி. போட்டுவிட்டுப் போனார். நகை வெளிறித் தெரிந்தது. வாங்க வந்த அம்மாமார் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தார்கள். சில மாதத்தில் பாதி லைட் அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது. அந்த விற்பனையாளரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. இந்தத் தெருவில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் அடுத்து யார் வந்தாலும் தேநீரோடு அனுப்பிவிடுவோம்.

பிறகு எனக்குத் தெரிந்த எஞ்சினியர் ஒருவர் வந்து, நிறத்தைச் சரியாகக் காட்டும் சீ.ஆர்.ஐ. அளவு 90க்கு மேல் உள்ள, மஞ்சள் சாய்ந்த லைட்டைக் கொண்டுவந்து, ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டியில் மட்டும் பொருத்திவிட்டு ஒரு கிழமை விட்டுப் போனார். பக்கத்துப் பெட்டியில் பழைய லைட். விற்பனைப் பையன்களே 'முதலாளி, மற்றதையும் மாற்றுவோம்' என்றார்கள். லைட்டின் சூடு குறைந்ததால் ஏ.சி.யும் முன்போல் விடாமல் ஓடுவதில்லை.

ஆகவே தம்பி, உங்கள் திட்டத்தில் பொருத்துகிறவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். பழுதானால் விற்றவனைத் தேடி நாங்கள் ஓடாமல், உங்களிடமே முறையிட வழி வேண்டும்.

வலுக்கணக்கு எழுதியது:

ஐயா சொன்ன ஏ.சி. விஷயம் உண்மை. 50 வாட் ஹலோஜன் 40ஐ 7 வாட் எல்.ஈ.டி.யாக மாற்றினால் 1,720 வாட் குறைகிறது. அந்த 1,720 வாட்டும் கடைக்குள் சூடாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதை வெளியே தள்ள ஏ.சி. கிட்டத்தட்ட அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைத் தனியாக எடுத்திருக்கும். நகைக்கடையில் லைட்டை மாற்றுவது இரட்டைச் சேமிப்பு. ஆனால் சீ.ஆர்.ஐ. பார்க்காமல் 'வாட் குறைவு, விலை குறைவு' என்று பட்டியல் போட்டு வாங்கினால் ஐயாவுக்கு நடந்ததுதான் நடக்கும். புடவைக் கடைக்கும் இதே விதி.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

கொழும்பில் வளர்ந்து இப்போது ரொறொன்ரோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இங்கே எப்படி என்று சொன்னால் உதவலாம்.

ஒன்ராறியோவில் மாகாணத்தின் மின்தொகுதியை நடத்தும் ஐ.ஈ.எஸ்.ஓ. அமைப்பு 'சேவ் ஒன் எனர்ஜி' என்ற பெயரில் சேமிப்புத் திட்டங்களை நடத்துகிறது. சிறுவணிகத்துக்குத் தனித் திட்டம் உண்டு. என் கடைக்கு ஒருவர் வந்து லைட், குளிர்பெட்டிகள் எல்லாவற்றையும் பார்த்து எழுதினார். எதை மாற்றினால் எவ்வளவு ஊக்கத்தொகை, என் கையிலிருந்து எவ்வளவு என்று ஒரே தாளில் காட்டினார். படிவத்தை அவரே நிரப்பினார். பொருத்த வந்தவர்கள் கடை மூடிய பிறகு வந்தார்கள். நான் செய்தது இரண்டு கையெழுத்து. ஊக்கத்தொகை இவ்வளவு என்று விளம்பரத்தில் முன்பே பார்த்திருக்கிறேன், அசையவில்லை. எல்லா வேலையையும் தூக்கிச் செய்ய ஆள் வந்தபோதுதான் சேர்ந்தேன்.

தவணைக்கு இந்தியாவிலும் உதாரணம் இருக்கிறது. 2015இல் தொடங்கிய உஜாலா எல்.ஈ.டி. பல்ப் திட்டத்தில், பல இடங்களில் சிறு தொகை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டு மிச்சத்தை மின்பில்லோடு மாதாமாதம் கழித்தார்கள். வங்கிக்குப் போகாமல், பிணையாளி தேடாமல் முடிகிற வேலை. கொழும்பு முதலாளிமாருக்கு வங்கிப் படிவம் என்றாலே தலையிடி என்று எனக்குத் தெரியும்.

வெள்ளவத்தை_சமையற்கட்டு எழுதியது:

உணவகக்காரரை மறந்துவிட்டீர்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சநேரம், அப்போது பாவனையைக் குறையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வியாபாரமே அந்த நாலு மணித்தியாலத்தில்தான். தோசையையும் கொத்தையும் பின்னேரம் மூன்று மணிக்குச் சாப்பிட யாரும் காலி வீதிக்கு வருவதில்லை. அப்படி எழுதிய தாளை நீட்டுகிற உத்தியோகத்தர் என் கடையை ஒருநாளும் பார்க்கவில்லை என்று எனக்கு உடனே விளங்கும்.

பார்த்தவர் ஒருவர் வந்தார். பின்பக்கம் போய்க் குளிர்சாதனப் பெட்டிகளின் கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. குளிர் முழுதும் வெளியே. ரப்பர் மாற்ற ஆன செலவு சொற்பம். பிறகு மேலே ஏறி ஏ.சி.யின் வெளி இயந்திரத்தைக் காட்டினார். வெள்ளவத்தையில் கடல்காற்று, உப்பு. அலுமினியத் தகடுகள் அரித்து, அதன்மேல் சமையல் எண்ணெய்ப் புகையும் ஒட்டி அடை அடையாக இருந்தது. சூட்டை வெளியே தள்ள முடியாமல் கொம்பிரசர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழுவியதும், புகைபோக்கிக்குப் பக்கத்திலிருந்து இடம் மாற்றியதும்தான் பெரிய மாற்றம். புதிய ஏ.சி. வாங்கச் சொல்லவே இல்லை. அதனால்தான் அவர் அடுத்து இன்வேட்டர் ஏ.சி. பற்றிச் சொன்னபோது கேட்டேன்.

முதல் நாளே சாமான் விற்க வராதீர்கள். காசு செலவாகாத இரண்டு விஷயத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு அடுத்த கிழமை வாருங்கள்.

வலுக்கணக்கு எழுதியது:

இன்னும் ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். 42 கேவிஏக்கு (இணைப்பின் வலுவை அளக்கும் அலகு) மேற்பட்ட இணைப்பு உள்ளவர்கள்: மாடிக் கடைகள், சிறு ஹோட்டல்கள், அச்சகங்கள். இவர்களுக்கு யூனிற் தவிர உச்சக் கேள்விக்கும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச வலுவுக்கும், கட்டணம் உண்டு. மாதத்தில் எந்த 15 நிமிடத்தில் மிக அதிகமாக இழுத்தார்களோ அந்த கேவிஏக்கு மாதம் முழுதும் காசு. அந்த வரியைப் பில்லில் பார்த்திருப்பார்கள், அது என்னவென்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

80 கிலோவாட் ஓடுகிற இடத்தில் பவர் ஃபக்டர் (இழுக்கிற வலுவில் உண்மையாக வேலைக்குப் போகும் பங்கு) 0.8 என்றால் மீற்றர் 100 கேவிஏ காட்டும். அதைச் சரிசெய்யும் கப்பாசிற்றர் பொருத்தி 0.95க்குக் கொண்டுவந்தால் 84தான். வேலை அதே வேலை, 16 கேவிஏ பில்லிலிருந்து போய்விடும். அதோடு காலையில் கதவு திறந்ததும் எல்லா ஏ.சி.யையும் ஒன்றாகப் போடும் பழக்கத்தை விட்டு, அரை மணித்தியால இடைவெளியில் மாடி மாடியாகப் போட்டால் இன்னும் குறையும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிலைபெறுதகு வலு அதிகாரசபை, வலு முகாமையாளர், வலுக் கணக்காய்வாளர் என்று ஒரு முறையை ஏற்படுத்தியிருக்கிறது. பெரிய ஹோட்டலுக்கும் தொழிற்சாலைக்கும் அது பொருந்தும், அவர்களிடம் படித்த ஆட்களும் உண்டு. புறக்கோட்டையில் மூன்று மாடி வைத்திருக்கிறவருக்கு யார் இருக்கிறார்? நகருக்குள் மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனம், நுகேகொடை, மொரட்டுவப் பக்கம் என்றால் லெக்கோ என்ற மின்விநியோகக் கம்பனி. மாதாமாதம் அவருடைய பாவனையைக் கையில் வைத்திருப்பது அவர்கள்தான். யாருக்குப் பவர் ஃபக்டர் மோசம், யாருக்குத் திடீரென்று கூடியது என்று பார்த்து, அந்தக் கடைக் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே துண்டுப்பிரசுரம் என்பது உழைப்பை வீணாக்குவது.

ஒரு விஷயத்தில் மட்டும் சிலர் என்னோடு சண்டைக்கு வரலாம். முதல் பார்வையை இலவசமாகச் செய்யாதீர்கள். சிறு தொகை வாங்கிவிட்டு, சேர்ந்தால் கழித்துக்கொடுங்கள். இலவசமாகக் கொடுத்த அறிக்கைகள் பல இடத்தில் லாச்சிக்குள் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கெய்சர்வீதிக்கடை எழுதியது:

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குக் காசு கொடுத்து அறிக்கை வாங்குகிறவர் ஏற்கெனவே பாதி முடிவு எடுத்தவர். மின்சாரத்துறை ஆள் வந்து 'பார்க்க இவ்வளவு' என்றால் புறக்கோட்டையில் அன்றைக்கே கதை பரவும், அடுத்த கடை கதவைத் திறக்காது. லாச்சியில் கிடக்கிறது என்றால் அறிக்கை இலவசம் என்பதால் அல்ல, அதைக் கொடுத்தவர் திரும்பி வராததால்.

வர்த்தக சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் நின்றால் பாதிப் பயம் போய்விடும். நேரமும் முக்கியம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா, முஸ்லிம் முதலாளிமார் இருக்க மாட்டார்கள். தீபாவளி, பெருநாள், சித்திரை, நத்தார் வியாபாரத்துக்கு முந்திய கிழமைகளில் வந்தால் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். பில் வந்த மறுநாள், காலை பத்து மணிக்கு முன் வாருங்கள். பில் கையிலேயே இருக்கும், கோபமும் இருக்கும்.

கொட்டாஞ்சேனை_கணக்கு எழுதியது:

திரும்பி வருவது பற்றி அண்ணா சொன்னது சரி. உங்கள் உத்தியோகத்தர்களுக்கு மேலிடம் என்ன இலக்கு வைக்கிறது, தம்பி? எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பதா? அப்படியானால் கையெழுத்து வாங்கியதும் அவர்களுடைய வேலை முடிந்தது. மூன்று மாதம் கழித்துக் கடையின் யூனிற் உண்மையில் குறைந்ததா என்பதை இலக்காக வைத்தால், அவர்களே பில்லைப் பார்த்துத் தொலைபேசி எடுப்பார்கள்.

மீற்றர்வாசல் எழுதியது:

அக்கா, இப்போதைய வரைவில் இலக்கு சேர்ந்தவர்களின் எண்ணிக்கைதான். அதை மாற்றும்படி எழுதப் போகிறேன். அதோடு நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து நாலு விஷயம் கேட்கப் போகிறேன்: தமிழில் ஒப்பந்தம், உரிமையாளர் சம்மதக் கடிதம், பொருத்துநர் பட்டியலோடு முறைப்பாட்டு வழி, ஒவ்வொரு கடைக்கும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே உத்தியோகத்தர். கடைசியானதுதான் கஷ்டம், ஆள் பற்றாக்குறை. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் தாளாகவே இருந்துவிடும் என்று இந்த இழையைப் படித்த பிறகு நம்புகிறேன். முதல் பார்வைக்குக் கட்டணம் வேண்டாம் என்பதில் கெய்சர்வீதி அண்ணாவின் பக்கம் நிற்கிறேன்.

ஒரு சந்தேகம். மூன்று மாதம் கழித்து ஒப்பிடும்போது எதோடு ஒப்பிடுவது? முந்திய மூன்று மாதத்தோடா?

வலுக்கணக்கு எழுதியது:

வேண்டாம். சென்ற வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். ஏப்ரல் வெக்கையில் ஏ.சி. ஓடுவதும் டிசம்பரில் ஓடுவதும் ஒன்றல்ல. பண்டிகை மாதத்தில் கடை இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். அதனால் கடை திறந்திருந்த நாட்களையும் மணித்தியாலங்களையும் கணக்கரிடம் கேட்டு எழுதுங்கள், இடையில் புதிய இயந்திரம் ஏதாவது வாங்கினார்களா என்றும் கேளுங்கள். யூனிற்றை மட்டும் ஒப்பிடுங்கள், ரூபாயைத் தொடாதீர்கள். குறையவில்லை என்றால் அதையும் மறைக்காமல் முதலாளியிடம் காட்டி, ஏன் என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள். பெரும்பாலும் ஏ.சி.யை 18இல் வைத்திருப்பார்கள்.

செட்டியார்தெரு எழுதியது:

தம்பி, திட்டம் தொடங்கினால் எங்கள் தெருவுக்கு முதலில் வாருங்கள். சங்கத்தில் நான் பேசி வைக்கிறேன். அக்ஷய திருதியை முடிந்த பிறகு.